5000 மிடி பாட்டு ஒரே பென் டிரைவில்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போனைத் திறந்தால் இந்த விளம்பரம் கண்ணில் படாத கீபோர்டுக்காரர் இருக்க மாட்டார். “5000 தமிழ் மிடி, 3000 இந்தியன் ஸ்டைல், எல்லா கீபோர்டுக்கும் பொருந்தும், 32 ஜிபி பென் டிரைவ், கூரியர் இலவசம்.” மிடி என்பது கீபோர்டு வாசிக்க வேண்டிய பாட்டுக் கட்டளைக் கோப்பு, ஸ்டைல் என்பது நம் இடது கைக்கேற்பக் கீபோர்டு தானாக வாசிக்கும் தாளப் பின்னணி. விலை ₹899. தங்கச்சிமடத்தில் எங்கள் பங்கு பாடகர் குழுவுக்காக இதை வாங்கினோம். பக்கத்து ஊரான மண்டபத்தில் கச்சேரிக் குழுவில் வாசிக்கிற நண்பர் வேறொரு ஆளிடம் வேறொரு பெயரில் வாங்கியிருந்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திறந்து பார்த்தால் கோப்புறைப் பெயர் முதற்கொண்டு அதே சரக்கு. ஆகவே விற்றவர் யார் என்பது முக்கியமில்லை, பெயரும் போடவில்லை. இந்த மாதிரிப் பென் டிரைவ் எதை வாங்கினாலும் உள்ளே என்ன இருக்கும், அதில் எது உங்கள் கருவியில் ஓடும், எது ஓடாது, ஏன் ஓடாது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், தபலா வாசிக்கிற தம்பி கடலுக்குப் போகிறவர். அவர் கரையில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரி, இல்லாத ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் இருப்பார்கள், பயிற்சி நன்றாக நடக்கும், ஜூலையில் வேர்க்காட்டு சந்தியாகப்பர் திருவிழா வரும்போது மறுபடி ஆள் குறையும். தாளத்தைக் கீபோர்டே பார்த்துக்கொண்டால் பாடுகிறவர்களுக்கு ஒரு தைரியம் வரும். எங்களிடம் இருப்பது பென் டிரைவ் செருகும் வசதியுள்ள யமஹா 61 கீ, ஆடம்பரமான மாடல் எல்லாம் இல்லை, ஊருக்கு ஊர் சின்ன ஆலயங்களில் பார்க்கிற வகைதான்.

சரி, விளம்பரத்தில் இருக்கிற “எல்லா கீபோர்டுக்கும் பொருந்தும்” என்ற வரிக்கு வருவோம். ஏமாற்றம் முழுக்க அந்த வரியில்தான் ஆரம்பிக்கிறது.

மிடி கோப்பில் சத்தமே கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட் 600ஐயும் ரோலண்டின் ஜுபிடர் 6ஐயும், இரண்டும் சின்தசைசர் கீபோர்டுகள், ஒரு கேபிளால் இணைத்து, இதில் அழுத்தினால் அதில் ஒலிக்கிறது என்று காட்டினார்கள். ஒரு கம்பெனிக் கருவியின் பேச்சு இன்னொரு கம்பெனிக் கருவிக்குப் புரிந்தது, அதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி. ரோலண்டை நிறுவிய இக்குதாரோ காக்கேஹாஷிக்கும் சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் இதற்காக 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது கொடுத்தார்கள். அந்தக் கேபிளில் போவது கட்டளைகள் மட்டுமே: எந்த சேனல் (ஒரு வாத்தியத்துக்கு ஒதுக்கிய தடம்), எந்த கீ, எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார். இந்தக் கட்டளைகளை நேரக்குறிப்போடு ஒரு கோப்பில் எழுதிவைக்கும் முறை 1988இல் பொதுவாக்கப்பட்டது. மிட் (.mid) என்று முடிகிற கோப்பு அதுதான். அதைப் படித்து சத்தம் எழுப்புவது உங்கள் கீபோர்டின் வேலை, கீபோர்டில் என்ன டோன் (வாத்திய ஒலி) இருக்கிறதோ அதுதான் வரும்.

சத்தம் இல்லாததால் கோப்பு ரொம்பச் சின்னது. ஐந்து நிமிஷப் பாட்டு பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும். அதே பாட்டு 128 கேபிபிஎஸ் எம்பி3யாக இருந்தால் கிட்டத்தட்ட 5 எம்பி, வேவ் கோப்பாக இருந்தால் 50 எம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 5000 மிடிக்கு அரை ஜிபி தாராளம். 32 ஜிபி பென் டிரைவ் நிரம்பி வழிகிறது என்றால் உள்ளே மிடி இல்லாத வேறு என்னவோ நிறைய இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது. பாதிக்கு மேல் இடத்தை எம்பி3 மைனஸ் ஒன் டிராக்குகள் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவுகள்) அடைத்திருந்தன, அவற்றையும் “மிடி” கணக்கில் சேர்த்துத்தான் 5000. மைனஸ் ஒன் கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் அதில் ஸ்ருதியை மாற்றினால் சத்தம் கெடும், ஒரு வாத்தியத்தை மட்டும் நிறுத்த முடியாது, பாடகி இரண்டாம் சரணத்துக்கு முன் மூச்சு வாங்கினால் அதற்கேற்ப வேகத்தை இழுத்துப் பிடிக்கவும் வழியில்லை. மிடி வாங்குவதே அதற்காகத்தானே.

எம்பி3யைத் தள்ளிவிட்டு உண்மையான மிடிக்கு வந்தால் அடுத்த பிரச்சினை டோன். 1991இல் ஜெனரல் மிடி என்று ஒரு ஒப்பந்தம் வந்தது. 128 டோன், அவற்றுக்கு நிலையான வரிசை: 1 என்றால் பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல், 105 சிதார், 112 ஷெனாய். டிரம்ஸ் எப்போதும் 10ஆவது சேனல். இந்த வரிசைக்குள் நின்று எழுதிய பாட்டு எந்தக் கீபோர்டிலும் ஏறக்குறைய அதே பாட்டாகத்தான் கேட்கும். ஆனால் நம் ஆட்களுக்கு வேண்டியது என்ன? மிருதங்கம், தபலா, டோலக், தவில், நாதஸ்வரம், வீணை. ஜெனரல் மிடி வரிசையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதனால் தமிழ்ப் பாட்டுக்கு மிடி செய்கிறவர், தன் கீபோர்டில் கம்பெனிக்காரர் தனியாக வைத்திருக்கும் இந்திய டோன்களைக் கூப்பிட்டு எழுதுகிறார். ரோலண்டுக்கு ஜிஎஸ் என்று ஒரு நீட்டிப்பு உண்டு, யமஹாவுக்கு 1994இல் வந்த எக்ஸ்ஜி உண்டு, அதற்கும் மேலே ஒவ்வொரு மாடலுக்கும் சொந்தமாகச் சில டோன்கள். பேங்க் (டோன் தொகுதி) எண் இன்னது, டோன் எண் இன்னது என்று கோப்புக்குள் எழுதியிருக்கும். அந்த எண்ணில் உங்கள் கருவியில் அந்த டோன் இல்லை என்றால், கீபோர்டு அருகில் இருக்கிற சாதாரண டோனையோ டிரம் கிட்டையோ (தாள வாத்தியத் தொகுப்பு) எடுத்துப் போட்டுவிடும்.

இது நடைமுறையில் எப்படிக் கேட்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். காணிக்கைப் பாடல் ஒன்று, மெதுவான ஆறு-எட்டு தாளம், முன்னிசையில் புல்லாங்குழல் அழகாக ஆரம்பித்தது. தபலா நுழைய வேண்டிய இடத்தில் விசில் அடித்தது. உண்மையாகவே விசில், கபடிப் போட்டியில் நடுவர் ஊதுவாரே அதே விசில், தாளத்துக்குச் சரியாக. கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. செய்தவரின் கருவியில் தபலா கிட்டின் அடிகள் 71, 72ஆம் கீகளில் இருந்திருக்கின்றன. எங்கள் கருவியில் அந்தக் கிட் இல்லாததால் சாதாரண டிரம் கிட் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜெனரல் மிடி டிரம் கிட்டில் 71 குட்டை விசில், 72 நீள விசில். கோப்பில் தப்பு இல்லை, கீபோர்டிலும் தப்பு இல்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை அல்ல, அவ்வளவுதான். இந்த மாதிரி “தபலா பாட்டு” என்று போட்டிருக்கும் கோப்புறையில் எங்கள் கருவிக்குப் பெரும்பாலானவை உதவவில்லை. கணினியில் ஒவ்வொரு அடியையும் நகர்த்தி எங்கள் கருவியில் இருக்கிற கிட்டுக்கு மாற்றலாம், சிலவற்றை மாற்றினேன், ஆனால் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் இந்தப் பென் டிரைவை வாங்கவே தேவையில்லை.

டிரம்ஸ் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பென் டிரைவில் இது மொத்தமாகக் கெடுக்கப்பட்டிருக்கிறது. “பெண் குரல் ஸ்ருதி” என்று தனிக் கோப்புறை வைத்திருக்கிறார்கள். ஆண் பாடும் ஒரு கட்டை (ஸ்ருதி அளவு) பாட்டை பெண் பாட வசதியாக ஐந்து கட்டைக்கு ஏற்றி வைத்திருக்கிறோம் என்கிறார்கள். ஏற்றியது சரி, ஆனால் மென்பொருளில் எல்லா சேனலையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியாக ஏற்றியிருக்கிறார்கள், 10ஆவது சேனலையும் சேர்த்து. டிரம்ஸ் சேனலில் ஒவ்வொரு கீயும் ஒரு தனி வாத்தியம். 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர். ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு ஏற்றினாலே 36 போய் 38 ஆகிவிடும், அதாவது “தும்” என்று விழ வேண்டிய இடத்தில் எல்லாம் “டக்” என்று விழும். ஐந்து கட்டைக்கு ஏற்றினால் கேட்கவே வேண்டாம், மொத்த டிரம்ஸும் ஹை-ஹேட்டும் டாமுமாக உருண்டு ஓடுகிறது. நீங்கள் மிடியின் ஸ்ருதியை மாற்றினால் 10ஆவது சேனலைத் தொடாதீர்கள். இன்னும் நல்லது, கோப்பில் கைவைக்காமல் கீபோர்டில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை வைத்தே மாற்றுங்கள், அது டிரம்ஸை விட்டுவிட்டு மற்றதை மட்டும்தான் ஏற்றும்.

அப்புறம் ஆடியோவிலிருந்து மென்பொருள் தானாக மாற்றிய மிடிகள். இதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம். பழைய பாட்டின் எம்பி3யை எடுத்து ஒரு மென்பொருளில் போட்டால் அது காதில் விழுந்ததையெல்லாம் நோட்டாக எழுதித் தள்ளிவிடும். பாடகர் குரல், வயலின், பேஸ், தாளத்தின் இரைச்சல் எல்லாம் ஒரே சேனலில், ஒரே பியானோ டோனில். நம் கரையில் வலையில் ஏறும் சங்காயம் (கழிவு மீன்) மாதிரி, எல்லாம் இருக்கும், எடுத்துச் சமைக்க ஒன்றும் இருக்காது. இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மியூஸ்ஸ்கோர் அல்லது அன்வில் ஸ்டுடியோ மாதிரி இலவச மென்பொருளில் கோப்பைத் திறங்கள். ஒரே ஒரு சேனல்தான் இருக்கிறதா, நோட்டுகள் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறிக் கிடக்கின்றனவா, வேகம் 120 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். மிடி கோப்பில் வேகம் எழுதப்படவில்லை என்றால் 120 என்று எடுத்துக்கொள்வது விதி, அதனால் மெதுவான தாலாட்டுக்கும் 120, குத்துப் பாட்டுக்கும் 120. தாளச் சுற்றைப் பிரிக்கும் பார் கோடு ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். அதன் மேல் நீங்கள் தாளம் சேர்க்கவே முடியாது. பழைய படப் பாடல்கள் கோப்புறையில் கணிசமான பகுதி இந்த வகை.

ஃபார்மட் 0, ஃபார்மட் 1 என்ற பேச்சும் அடிபடும். பயப்படத் தேவையில்லை. ஃபார்மட் 0 என்றால் பதினாறு சேனலும் ஒரே டிராக்கில் கலந்து இருக்கும், ஃபார்மட் 1 என்றால் வாத்தியத்துக்கு ஒரு டிராக்காகப் பிரிந்து இருக்கும். கேட்பதற்கு இரண்டும் ஒன்றே. சில பழைய கீபோர்டுகள் 0ஐ மட்டும் படிக்கும், அப்படியானால் கம்ப்யூட்டரில் திறந்து ஃபார்மட் 0 என்று சேமித்தால் முடிந்தது. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதும் இதே மாதிரி சின்ன விஷயம், ஆனால் அது தெரியாமல் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களைத் தெரியும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலான கீபோர்டுகளின் திரையில் தமிழ் எழுத்தே இல்லை. கட்டம் கட்டமாகவோ கோடாகவோ தெரியும். பூசை நடுவில் நன்றிப் பாடலைத் தேடும்போது அது பெரிய தொல்லை, எனவே ஆங்கில எழுத்தில் சின்னதாக, முன்னால் ஒரு எண்ணோடு பெயர் மாற்றி வைத்துவிடுங்கள். கார் (.kar) என்று முடிகிற கோப்புகளும் கொஞ்சம் உண்டு. அவையும் மிடிதான், பாட்டு வரிகளைக் கூடவே வைத்திருக்கும் கரோக்கி வகை. பெயரை மிட் என்று மாற்றினாலே பல கருவிகள் படித்துவிடும்.

இப்போது ஸ்டைல். 3000 ஸ்டைல் என்று போட்டிருப்பதில் யமஹா, கோர்க், கேசியோ, ரோலண்ட் என்று நான்கு கம்பெனிச் சரக்கும் கலந்து கிடக்கிறது. கேசியோ ஸ்டைல் ஏசி7 என்று முடியும், ரோலண்ட் ஸ்டைல் எஸ்டிஎல் என்று முடியும், அதனால் இவற்றைப் பிரிப்பது சுலபம். குழப்பம் யமஹாவுக்கும் கோர்க்குக்கும் நடுவில்தான், இரண்டும் எஸ்டிஒய் என்றே முடியும், ஆனால் உள்ளே முற்றிலும் வேறு. கோர்க் எஸ்டிஒய்யை யமஹாவில் போட்டால் ஏறாது, ஏறவில்லை என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று விற்பவர் வேறொரு லிங்க் அனுப்புவார், அதுவும் ஏறாது.

யமஹா ஸ்டைல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதன் உட்புறம் ஒரு சாதாரண மிடி கோப்புதான். இன்ட்ரோ, மெயின் ஏ, மெயின் பி, ஃபில் இன், எண்டிங் என்று ஒவ்வொரு பகுதியும் எங்கே ஆரம்பிக்கிறது என்ற அடையாளம் அதில் இருக்கும், பின்னால் ஒரு பகுதியில் எந்த சேனல் எந்தக் கார்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எப்படி மாற வேண்டும் என்ற விதிகள் இருக்கும். பகுதிகளைப் பொதுவாக சி மேஜர் 7 கார்டில் எழுதிவைப்பார்கள், நீங்கள் இடது கையில் எந்தக் கார்டைப் பிடிக்கிறீர்களோ அதற்கேற்ப கீபோர்டு மாற்றிக்கொள்ளும். ஒரு ஸ்டைலை நகலெடுத்து, நகலின் பெயரை மட்டும் மிட் என்று மாற்றிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள், எல்லாப் பகுதியும் வரிசையாக ஒலிக்கும். பாக்கெட்டைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. நான் அப்படி ஓட்டிப் பார்த்ததில் “டப்பாங்குத்து 1” முதல் “டப்பாங்குத்து 40” வரை இருந்ததில் பலவும் ஒரே ஸ்டைல், வேகத்தை மட்டும் மாற்றிப் பெயர் வைத்தவை. எஸ்எஃப்எஃப்2 என்று சொல்லப்படும் புதிய ஸ்டைல் அமைப்பில் செய்தவை சில பழைய கருவிகளில் சரியாக வராது, கிட்டார் பகுதி இடறும். பெரிய மாடல்களுக்கு எக்ஸ்பான்ஷன் பேக் (கூடுதல் ஒலித் தொகுப்பு) போட்டு அதன் தபலா சத்தத்தை நம்பிச் செய்த ஸ்டைல்களும் கலந்திருக்கின்றன, பேக் இல்லாமல் அவை வெறும் எலும்புக்கூடு.

இவ்வளவு குறை சொன்ன பிறகு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை: இந்தப் பென் டிரைவுக்குள் ஒரு சின்னக் கோப்புறை இருக்கிறது, பழைய கிறிஸ்தவப் பாடல்களும் சில மெல்லிசைப் பாடல்களும் கொண்டது, அது தங்கம். யாரோ ஒரே ஆள் உட்கார்ந்து செய்தது என்பது திறந்தவுடன் தெரிகிறது. ஒவ்வொரு கோப்பும் ஒரு பார் மௌனத்தோடு ஆரம்பிக்கிறது. அந்த மௌனத்துக்குள் கீபோர்டை ஜெனரல் மிடி நிலைக்குத் திருப்பும் கட்டளை, ஒவ்வொரு சேனலுக்கும் டோன், ஒலியளவு, எதிரொலி எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது. மெலடி தனி சேனலில், எனவே நிறுத்திவிட்டு நாமே வாசிக்கலாம். ஜெனரல் மிடிக்குள்ளேயே நின்றிருக்கிறார். தபலா கிடையாது என்று தெரிந்து, பாங்கோவையும் காங்காவையும் வைத்தே அந்த நடையைக் கொண்டுவந்திருக்கிறார். கேட்டால் தபலா என்று யாரும் நினைக்க மாட்டார்கள், ஆனால் தாளம் நடக்கிறது, பாடுகிறவரைத் தாங்குகிறது.

அதில் ஒரு தியானப் பாடலின் புல்லாங்குழல் சேனலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் பாட்டில் ரியிலிருந்து காவுக்குப் போகும்போது நேராகக் குதிப்பதில்லை, வழுக்கிப் போவோம், கொஞ்சம் தாண்டித் திரும்புவோம். மிடியில் அதற்கு இருப்பது பிட்ச் பெண்ட். 0 முதல் 16383 வரை படிகள், நடுவில் 8192 என்றால் வளைவு இல்லை. வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு அரைச் சுரம், கீழே இரண்டு அரைச் சுரம் வரை வளைக்கலாம், அப்படியென்றால் ஒரு அரைச் சுரத்துக்கு 4096 படி. இந்த ஆள் காந்தாரத்தைத் தொடும் இடத்தில் வளைவை ஒரே கோடாக இழுக்கவில்லை. முதலில் மெதுவாக ஏறி, கடைசியில் வேகமாகப் போய், சுரத்தைச் சற்றே தாண்டி, திரும்பி வந்து 8192இல் நிற்கிறது. இரண்டாம் முறை அதே வரி வரும்போது வளைவு வேறு. நகலெடுத்து ஒட்டவில்லை, மறுபடி கையால் வீலைத் திருப்பி வாசித்திருக்கிறார். பதினைந்து இருபது வருஷமாக வாசிக்கிறவர்களுக்குத்தான் இது வரும். சுரம் தெரிந்த காது ஒன்று அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று கேட்டவுடன் தெரிகிறது, எங்கள் குழுவில் பாடுகிற சிஸ்டர் முதல் தடவை கேட்டபோது “இது யார் வாசிச்சது தம்பி?” என்றுதான் கேட்டார்கள்.

அதே பிட்ச் பெண்ட் மற்ற கோப்புறைகளில் செய்கிற அநியாயத்தையும் சொல்ல வேண்டும். சிலர் வளைக்கும் எல்லையைப் பன்னிரண்டு அரைச் சுரத்துக்கு விரித்து எழுதிவிட்டு, பாட்டு முடியும்போது திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. அடுத்த பாட்டு அந்த எல்லை இரண்டு என்று நம்பி எழுதப்பட்டது. விளைவு, காணிக்கைப் பாடல் நன்றாக முடியும், திருவிருந்துப் பாடலில் குழல் ஊளையிடும். பாட்டு மாற்றும்போது ஸ்ருதி கலைகிறது என்றால் கீபோர்டை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், சரியாகிவிட்டால் குற்றவாளி முந்தைய பாட்டுக் கோப்புதான்.

அந்த நல்ல கோப்புறையைச் செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். மிடி கோப்பில் உரிமைக் குறிப்பு எழுத என்றே ஓர் இடம் இருக்கிறது, டிராக் பெயர் எழுதும் இடமும் இருக்கிறது, செய்தவர்கள் வழக்கமாக அங்கே பெயரோ ஊரோ எழுதுவார்கள். இந்தக் கோப்புகளில் அந்த இடத்தில் விற்பவரின் போன் நம்பர் இருக்கிறது. ஒன்றிரண்டில் மட்டும் அழிக்க மறந்திருக்கிறார்கள், டிராக் பெயரில் வேறொருவர் பெயரும், அவர் செய்த வருஷமும் அப்படியே கிடக்கின்றன. ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து காந்தாரத்தை வளைத்துச் செய்ததை எடுத்து, அவர் பெயரைத் துடைத்துவிட்டு, 5000இல் ஒன்றாகப் போட்டு விற்கிறார்கள். அவருக்கு ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. இது எனக்குத் தாங்கவில்லை, பென் டிரைவில் ஓடாத கோப்புகளைவிட இதுதான் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

இதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கும் ஒருவர் பாட்டுக்கு இவ்வளவு என்று மிடி செய்து கொடுக்கிறார், எங்களுக்குத் திருவிழாப் பாடல்கள் சில செய்து வாங்கினோம். ஒரு பாட்டுக்கு ₹400 வாங்கினார், ஸ்டைல் என்றால் கொஞ்சம் கூட. போன் செய்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே வித்தியாசம் தெரிந்தது.

“என்ன மாடல் அண்ணே வச்சிருக்கீங்க?”

மாடலைச் சொன்னேன். எத்தனை கட்டையில் பாடுகிறார்கள், பாடுவது ஆணா பெண்ணா, மெலடி வேண்டுமா வேண்டாமா, சரணத்துக்கு நடுவில் இசை எத்தனை பார், கூட தபலா வாசிக்க ஆள் இருப்பாரா என்று வரிசையாகக் கேட்டார். “தபலா தம்பி வர்ற அன்னைக்கு ஒண்ணு, வராத அன்னைக்கு ஒண்ணுன்னு ரெண்டு கோப்பா போட்டுத் தர்றேன்” என்றார். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. வந்த கோப்புகள் எங்கள் கருவியின் இந்திய கிட்டிலேயே செய்யப்பட்டிருந்தன, செருகினோம், ஓடியது. இரண்டாவது பாட்டில் முன்னிசை நீளமாக இருந்தது, சொன்னதும் வெட்டிக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. குறை என்றால் நேரம்தான். திருவிழா சீசனில் கேட்டால் உடனே கிடைக்காது, முளைப்பாரி, கல்யாணம் என்று கச்சேரிக்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் நிற்கிறார்கள். தடைக்காலம் முடிவதற்குள் சொல்லி வைத்துவிடுவது நல்லது.

₹899க்கு 5000 எங்கே, ₹400க்கு ஒன்று எங்கே என்று தோன்றலாம். எங்கள் குழு ஒரு வருஷத்தில் திரும்பத் திரும்பப் பாடுவது முப்பது நாற்பது பாட்டு. அதில் தாளம் தாங்க வேண்டியது பத்துப் பன்னிரண்டு. அந்தப் பத்துப் பன்னிரண்டை மெதுவாக, பணம் சேரச் சேர, நம் கருவிக்கென்றே செய்து வாங்கினால் போதும்.

இருந்தும் பென் டிரைவ்தான் வாங்குவேன் என்றால், பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் உங்கள் மாடல் பெயரைச் சொல்லி, அந்த மாடலில் ஓடும் வீடியோ ஒன்றை, உங்களுக்கு வேண்டிய பாட்டுக்கே, அனுப்பச் சொல்லுங்கள். “எல்லாத்துலயும் ஓடும் சார்” என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு மாதிரிக் கோப்பு கேளுங்கள், ஐம்பது கேபி கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப அவருக்கு ஒரு நொடி போதும். வந்த கோப்பைத் திறந்து 10ஆவது சேனலில் டிரம்ஸ் இருக்கிறதா, டோன் எண்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். நாங்கள் வாங்கிய பென் டிரைவுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன், அந்த இரண்டும் பெயர் துடைக்கப்பட்ட அந்த ஆளுக்கு.

கோர்க் பிஏ வரிசை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பென் டிரைவில் செட் (.SET) என்று முடிகிற கோப்புறைகள் சில இருக்கின்றன, கம்ப்யூட்டரில் பார்த்தால் சாதாரணக் கோப்புறை மாதிரியே தெரியும், அதற்குள் டோன், சத்தம், ஸ்டைல் எல்லாம் ஒன்றையொன்று நம்பி இருக்கும். அதிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுத்து வேறு இடத்தில் போட்டால் சரியாக வேலை செய்யாமல் போகலாம். முழுதாக ஏற்றினால் கருவியில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் யூசர் டோன்கள், ஸ்டைல்கள் மேல் எழுதிவிடும். மண்டபத்து நண்பர் ஏற்றுவதற்கு முன் வேறொரு நல்ல பென் டிரைவில் சேவ் ஆல் (எல்லாவற்றையும் சேமிக்கும் வசதி) போட்டு வைத்திருந்தார், அதனால் பிடிக்காதபோது பழையபடி திரும்ப ஏற்றிக்கொண்டார். நீங்களும் முதலில் அதைச் செய்துவிட்டு, அந்தப் பென் டிரைவைக் கடல் காற்று படாத டப்பாவில் மூடி வைத்துவிட்டு, பிறகு புதியதைச் செருகுங்கள்.